பாலர் சபையும் ஔவை சண்முகனாரும்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் நூல்களிலிருந்தே தொடங்குவர். மனோன்மணீயம் வெளிவந்த 1891ஆம் ஆண்டையும், அதே ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததையும் குறிப்பர்; சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை எண்ணுவர்; பின்னர்ச் சமூக நாடகங்களின் எழுச்சியைச் சுட்டி முடிப்பர். இம்முறையில் பிழையொன்றும் இல்லை. ஆயினும், நாடகம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அதனைத் தம் மெய்யாலும் மொழியாலும் தாங்கி நின்றோர் உளர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வாறு தாங்கி நின்றவருள் பலர் சிறுவர் என்பது நம் வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளில் கூறப்பட்டுக் கடந்து செல்லப்படுகின்றது.

அச்சிறுவருள் ஒருவராகத் தொடங்கி, அறுபதாண்டு வாழ்வில் ஐம்பதாண்டுக்கு மேல் கலைப்பணி புரிந்தவர் ஔவை தி. க. சண்முகனார் (1912–1973). அவருடைய வாழ்வைச் சான்றாகக் கொண்டு இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாலர் சபை என்னும் அமைப்பு ஒரு சிறுவனை என்ன செய்தது என்பது முதல் வினா. அச்சிறுவன் வளர்ந்தபோது தமிழ் நாடகம் என்ன ஆயிற்று என்பது இரண்டாம் வினா. இவ்விரண்டும் தொடர்பில்லாதவை போலத் தோன்றினும், உண்மையில் ஒன்றன் விடை மற்றொன்றில் அடங்கியிருத்தலைக் காண்போம்.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். சண்முகனார் தம் இறுதிக்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' (1972) என்னும் நூல், பாலர் சபை வாழ்வைப் பற்றித் தமிழில் உள்ள மிக விரிவான தன்வரலாறுகளுள் ஒன்று. ஆனால் அது வென்றவர் ஒருவரின் நினைவு. அவ்வாழ்வில் தோற்றுத் திரும்பியவர் எவரும் நூல் எழுதவில்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே அந்நூலைப் படித்தல் வேண்டும்.

பாலர் சபையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் தமிழகத்திலும் கொட்டகை, திரைச்சீலை, கட்டணச் சீட்டு ஆகியவற்றோடு கூடிய தொழில்முறை நாடகம் வேரூன்றியது. அக்காலத்து நடிகருள் இசைப்புலமை மிக்கோர் பலர் இருந்தனர். ஆயின், நாடகத்தின் கட்டுக்கோப்பைப் பேணுவோர் சிலரே. கதை ஒருபுறம் நிற்க, மேடையில் ஒருவரையொருவர் பாட்டாலும் தருக்கத்தாலும் வெல்ல முயல்வது வழக்கமாயிற்று. ஆசிரியர் எழுதியது ஒன்றாகவும், இரவில் மேடையேறியது மற்றொன்றாகவும் இருந்தன.

இந்நிலையில்தான் சங்கரதாஸ் சுவாமிகளின் பணி சிறக்கின்றது. 1867ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்த சுவாமிகள், முதலில் நடிகராகவும் பின்னர் ஆசிரியராகவும் விளங்கினார். பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் பெற்ற தமிழ்க்கல்வி அவர்தம் பாக்களிற் புலனாகும். ஏறத்தாழ நாற்பது நாடகங்களை அவர் இயற்றினார் என்பர். 1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவிய அவர், 1918ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பிற்பெயரில் உள்ள 'பால' என்னும் அடை, சிறுவரைக் கொண்டே நாடகம் நடத்தும் குறிக்கோளைக் காட்டும்.

சிறுவரை ஏன் நாட வேண்டும்? பெரியோர் கட்டுக்கடங்காமையே காரணம் என்பது மரபாகக் கூறப்படும் விடை. அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. அதன் இலக்கியப் பயனை நாம் கருதுதல் வேண்டும். சிறுவன் தானாக ஒன்றும் சேர்க்கமாட்டான்; கற்பித்ததைக் கற்பித்தவாறே ஒப்பிப்பான். வெண்பா, விருத்தம், சிந்து, கீர்த்தனை என ஆசிரியர் எவ்வாறு யாத்தாரோ அவ்வாறே அது மேடையேறும். எனவே, தமிழ்த் தொழில்முறை மேடையில் நாடக பாடம் என ஒன்று நிலைபெற்றது பாலர் சபைகளால் என்று கூறுதல் மிகையாகாது. இன்று சுவாமிகளின் நாடகங்களைப் பாடமாகப் பயிலும் நாம், அப்பாடம் ஒரு காலத்தில் சிறுவர் நெஞ்சங்களில் எழுதப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

மற்றொரு காரணமும் உண்டு. அது பொருளாதாரம் பற்றியது. சிறுவர்க்கு உணவும் உடையும் உறைவிடமும் தந்தாற் போதும். பெரிய நடிகர்க்குத் தருவது போன்ற ஊதியம் வேண்டுவதில்லை. பெண்வேடம் புனையவும் சிறுவர் குரலும் தோற்றமும் பொருந்தின. இலக்கிய ஒழுங்கும் வாணிக ஆதாயமும் ஒரே வழியிற் சென்றமையாலேயே பாலர் சபைகள் தமிழகமெங்கும் விரைந்து பல்கின. செகந்நாத ஐயரின் குழுவும், மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவும் இவ்வாறு புகழ்பெற்றவை. எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், எம். ஆர். இராதா முதலியோர் இத்தகைய குழுக்களில் சிறுவராய் நுழைந்து உருவானவர்களே.

ஆறு வயதில் அரங்கேற்றம்

சண்முகனார் 1912ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகரே. பெண்வேடம் புனைந்து நடித்தவர். சங்கரன், முத்துசாமி ஆகியோர் தமையன்மார், பகவதி இளவல். இந்நால்வரே பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் எனத் தமிழுலகம் அறிந்தோர். 1918ஆம் ஆண்டில், சுவாமிகள் மதுரையிற் சபை தொடங்கியபோதே, ஆறு வயதுச் சண்முகனார் தமையன்மாருடன் அதிற் சேர்ந்தார்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். ஐந்தாம் ஆண்டிற் பயிற்சி தொடங்கிய மாதவி, ஏழாண்டு கற்றுத் தேர்ந்து, பன்னிரண்டாம் ஆண்டிலேதான் அரசன் அவையில் அரங்கேறினாள் என்று இளங்கோவடிகள் கூறுவர். பயிற்சி வேறு, அரங்கு வேறு என்னும் பழைய நெறி அங்கே தெளிவாகின்றது. ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஆசிரியர் பலர் சூழ்ந்திருக்க ஏழாண்டுகள் கற்பதற்கு மாதவிக்கு ஓய்வு இருந்தது. பாலர் சபைச் சிறுவனுக்கோ அரங்கே பள்ளி. சேர்ந்த சில வாரங்களிலோ திங்களிலோ அவன் முகத்தில் அரிதாரம் ஏறிவிடும். பகலிற் பாடம் கேட்டு இரவில் அதனை ஒப்பிப்பதே அவன் கல்வி.

அவ்வாழ்வின் அன்றாட ஒழுங்கை நோக்குவோம். சிறுவர் அனைவரும் 'கம்பெனி வீடு' என வழங்கப்பெற்ற ஒரே இல்லத்தில் தங்குவர். நாடகம் இரவிலே தொடங்கி விடியும் வரையிலும் நீளும். உலகம் விழித்தெழும் வேளையில் அவர்கள் உறங்கச் செல்வர். பிற்பகலில் வாத்தியார் பாடம் சொல்லுவார். ஆர்மோனியக்காரர் பாட்டுச் சொல்லித்தருவார். ஓர் ஊரில் வருவாய் குறைந்தால், திரைகளையும் அணிகலப் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு குழு வேற்றூர் செல்லும். தாய்மடி விட்டு வந்த சிறுவனுக்கு ஊர் என ஒன்று இல்லை. குழுவே ஊர், வாத்தியாரே தந்தை. இராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என அவனவனுக்கு வாய்த்த வேடமே அவன் தகுதியையும் உணவுப் பந்தியில் அவன் பெறும் மதிப்பையும் உறுதிசெய்தது.

இச்சூழலில் சண்முகனாரின் திறம் சுவாமிகளின் கண்ணிற் பட்டது. அச்சிறுவன் நடித்தற்கென்றே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது சண்முகனார் வழியாக நாம் அறியும் செய்தி. இதனைச் சுவாமிகளின் விரைவுக் கவித்திறத்திற்குச் சான்றாகவே பலரும் எடுத்துக்காட்டுவர். ஆயினும் வேறொரு கோணத்திலும் இதனை நோக்கலாம். புலவர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட சிறுவனின் குரலளவையும் மூச்சளவையும் நினைவாற்றலையும் உள்ளத்திற்கொண்டு பாக்களை யாத்துள்ளார். அந்நாடகத்தின் யாப்பை ஆராய்வோர் அச்சிறுவனையும் சேர்த்து ஆராய்தல் முறையன்றோ? நடிகனை நோக்கி நாடகம் எழுந்தது என்னும் இவ்வுண்மை, நம் பதிப்பு முயற்சிகளிலும் பாட ஆராய்ச்சியிலும் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

மகரக்கட்டு

பாலர் சபையின் பெருமை முழுதும் சிறுவரின் குரலை நம்பியிருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்போனுக்கும் கேட்க வேண்டுமாயின், உயர்ந்த சுருதியில் ஓங்கிப் பாடுதல் வேண்டும். பேச்சுக் கேளாத இடத்திலும் பாட்டுக் கேட்டது. சுவாமிகளின் நாடகங்களில் பாட்டு மிகுந்திருப்பதற்கு இசைப்பற்று மட்டுமன்றி, இவ்வொலியியல் தேவையும் ஒரு காரணமாதல் கூடும்.

ஆனால் அக்குரல் நிலைத்திராது. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் அது உடையும், தடிக்கும், சில காலம் பிடிபடாது அலையும். நாடகக் குழுவினர் இதனை 'மகரக்கட்டு' என்னும் சொல்லால் வழங்கினர். அச்சொல் குழுவில் அனைவரும் அஞ்சிய சொல். நேற்றுவரை அயன் இராஜபார்ட்டாக நின்றவன் இன்று சேவகனாகவோ தோழனாகவோ ஒதுங்கி நிற்பான். அவன் வேடம் அவனினும் இளையவனுக்குச் செல்லும். எழுத்துக்கல்வி சிறிது, வேறு தொழில் அறியான், ஊரிலும் வேரில்லை. பாரதக் கதையின் அபிமன்யு சக்கர வியூகத்துள் நுழையும் வழியறிந்து மீளும் வழியறியாது நின்றான். அவ்வேடம் புனைந்த சிறுவர் பலரின் நிலையும் அதுவாகவே முடிந்தது.

இவ்விடர்ப்பாட்டிற்கு விலக்காக நின்றோரும் உளர். சமரச சன்மார்க்க நாடக சபையில் சிறுவராய்ப் பயின்ற எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) தம் உயர்ந்த குரலை வளர்ந்த பின்னும் இழக்கவில்லை. இசை நாடகத்தின் புகழ் அவரால் உச்சம் எய்தியது. ஆயின் அவர் இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். அத்தகைய குரல் ஒரு தலைமுறையில் ஒருவர்க்கு அமைவது. ஓர் அமைப்பு அதனை நம்பி வாழ இயலாது. எனவே, குரல் உடைந்த சிறுவர்க்கு மேடையில் என்ன இடம் என்னும் வினா எஞ்சியே நின்றது.

சண்முகனார் இவ்வினாவை எதிர்நோக்கிய காலத்தில் மேலும் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. பக்கவாத நோயுற்றிருந்த சுவாமிகள் 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் மறைந்தார். 1925ஆம் ஆண்டில் சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை என்னும் தம் சொந்தக் குழுவைத் தொடங்கினர். அப்பொழுது சண்முகனாருக்கு வயது பதின்மூன்றை ஒட்டியது. பிறர்க்கு வாயில் அடைபடும் பருவத்தில் அவருக்குத் தம் குடும்பத்தின் குழுவே வாயிலைத் திறந்தது. திறமை ஒருபுறம் நிற்க, இவ்வாய்ப்பும் அவர் வாழ்வின் வெற்றிக்குக் காரணம் என்பதை நடுநிலையாளர் மறுக்கமாட்டார். குழு பிறர்க்குரியதாய் இருந்திருப்பின் அவர் கதை வேறாகவும் முடிந்திருக்கலாம்.

பாட்டிலிருந்து பேச்சிற்கு

புதிய சபைக்கு நாடகம் பயிற்ற வந்தவர் எம். கந்தசாமி முதலியார். ஜே. ஆர். ரங்கராஜுவின் இராஜாம்பாள், சந்திரகாந்தா முதலிய நாவல்கள் அவர் வழியே மேடையேறின. பாட்டால் நடந்த கதை இங்கே பேச்சால் நடந்தது. அரசரும் தேவரும் நின்ற இடத்தில் வழக்குரைஞரும் துப்பறிவோரும் இல்லத்தரசியரும் வந்து நின்றனர். எவ்வாறு நிற்பது, எவ்வாறு கேட்பது, பிறர் பேசும்போது முகத்தில் என்ன தோன்ற வேண்டும் என்னும் நுண்மைகள் பாடமாயின. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறும் உள்ளத்துணர்வின் புறவெளிப்பாடு, இசையின் துணையின்றி உடலாலும் சொல்லாலும் மட்டுமே காட்டப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஈண்டு ஒரு தடை எழலாம். உரைநடை நாடகம் பம்மல் சம்பந்த முதலியாரால் 1891 முதற்கொண்டே வளர்ந்ததன்றோ? அதற்கும் சிறுவர் குரலுக்கும் என்ன தொடர்பு? இத்தடை வலியுடையது. சுகுண விலாச சபையினர் கற்றறிந்தோர், வேறு தொழில் உடையோர், ஓய்வுக்காலத்தில் நடித்தோர். அவர்கள் உரைநடையைத் தேர்ந்தது கொள்கையால். தொழில்முறைக் குழுக்களோ அவர்கள் நாடகங்களை அறிந்திருந்தும் நெடுங்காலம் பாட்டையே பற்றி நின்றன. தம் சிறுவர் இளைஞராகிவிட்ட ஒரு குழு, அவர்களைக் கைவிடாது வைத்துக்கொண்டே தொழில் நடத்த விரும்பியபோது, உரைநடை அதற்குக் கொள்கை மட்டுமன்று, வாழ்வு வழியுமாயிற்று. உடைந்த குரல் பாட்டிற்கு ஊனம்; பேச்சிற்கு அதுவே ஆழம். நாவல்களின் செல்வாக்கு, நகர மக்களின் சுவை மாற்றம், பின்னர் வந்த பேசும் படம் ஆகியனவும் காரணங்களே. அவற்றோடு இதனையும் ஒரு காரணமாகச் சேர்த்தெண்ணுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.

இதன் விளைவுகள் விரைவில் தோன்றின. வெ. சாமிநாத சர்மாவின் பாணபுரத்து வீரன் என்னும் நாடகத்தைச் சகோதரர்கள் தேசபக்தி என்னும் பெயரில் மேடையேற்றினர். விடுதலை வேட்கையைக் கொட்டகைக்குக் கொணர்ந்த நாடகங்களுள் அது குறிப்பிடத்தக்கது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா நாடகமாக வெற்றி பெற்று, 1935ஆம் ஆண்டில் திரைப்படமும் ஆயிற்று. சபையின் நடிகர்களே அதில் நடித்தனர். இச்சபையில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணன் திரையுலகிற் புகுந்ததும் அப்படத்தால்தான். வங்க நாவல் ஒன்றைத் தழுவிய குமாஸ்தாவின் பெண், நடுத்தரக் குடும்பத்தின் வறுமையையும் மணக்கொடுமையையும் மேடைக்குக் கொணர்ந்து, 1941ஆம் ஆண்டில் படமாகவும் வெளிவந்தது. அதன் நாடக வடிவை அமைத்தவர் தமையனார் முத்துசாமி. பாட்டொப்பித்த சிறுவர் நாடகாசிரியராக உயர்ந்தமைக்கு இஃது ஒரு சான்று.

திரையில் ஈட்டும் பொருள் பெரிது. அவருடன் பயின்றோர் பலர் அதன்வழிச் சென்று திரும்பாதிருக்க, சண்முகனார் ஒவ்வொரு முறையும் மேடைக்கே திரும்பினார். பில்ஹணன் (1948) போன்ற படங்களில் நடித்த பின்னும், கப்பலோட்டிய தமிழன் (1961) படத்தில் சுப்பிரமணிய சிவாவாகத் தோன்றியபோதும், அவர் தம்மை நாடகக்காரர் என்றே கருதினார்.

ஔவை வேடம்

சண்முகனாரின் பெயரோடு பிரியாது நிற்கும் 'ஔவை' என்னும் அடை, 1940களின் தொடக்கத்தில் அவர் நடித்த ஔவையார் நாடகத்தால் வந்தது. அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. முப்பது வயது ஆடவர் ஒருவர் மூதாட்டியாக மேடையில் வந்து நின்றார். கண்டோர் நடிகரை மறந்து ஔவையையே கண்டனர்.

இவ்வேடத்தின் வரலாற்றுப் பொருளை ஆராய்தல் தகும். பெண்வேடம் புனைதல் பாலர் சபையின் பழைய மரபு. அங்கே சிறுவனின் மென்மையான முகமும் உயர்ந்த குரலும் இளம்பெண்ணைப் போன்றிருந்தமையே அவ்வேடத்திற்குத் தகுதி. அஃது இயற்கை தந்த ஒப்புமை. சில ஆண்டுகளில் நீங்குவது. ஔவை வேடத்திலோ அவ்வொப்புமை ஒன்றும் இல்லை. நடை, கூன், கைந்நடுக்கம், பார்வை, முதுமையின் அருளும் எள்ளலும் கலந்த பேச்சு ஆகிய யாவும் பயின்று அமைத்தவை. மூதாட்டியின் குரலுக்கு மகரக்கட்டு ஒரு தடையும் அன்று. சிறுவனை மேடையிலிருந்து அகற்றும் அதே மாற்றம், பெரியவனுக்கு வேடத்தின் உறுப்பாயிற்று. பாலர் சபை கற்பித்த கலை, பாலப்பருவம் நீங்கிய பின்னும் வாழ இயலும் என்பதற்கு இவ்வேடமே சிறந்த விடை.

1944ஆம் ஆண்டில் ஈரோட்டில் நடைபெற்ற நாடகக் கலை மாநாடு சகோதரர்களின் முயற்சியால் கூடியது. கூத்தாடிகள் என்று இகழப்பட்டோர் தம் கலையைப் பற்றி ஆராய அறிஞரை அழைத்தனர் என்பது அதன் சிறப்பு. 1955ஆம் ஆண்டில் அரு. இராமநாதனின் இராசராச சோழன் மேடையேறித் தமிழ் வரலாற்று நாடகத்திற்கு ஒரு புதுப்பொலிவு தந்தது. 1962இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1971இல் பத்மசிறீ விருதும் சண்முகனாரை அடைந்தன. தமிழகச் சட்ட மேலவையிலும் அவர் இடம்பெற்றார். 1973ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். இராசராச சோழன் திரைப்படமாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே. சென்னையில் ஒரு பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவர் செய்த மற்றொரு நன்மையும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1960ஆம் ஆண்டில் களத்தூர் கண்ணம்மா படத்தில் குழந்தை நடிகராகப் புகழ்பெற்ற கமல்ஹாசன், குழந்தையாகவும் இளைஞராகவும் நடித்தற்கியலாத இடைப்பருவத்தில் சண்முகனாரின் சபையிற் சேர்ந்து பயின்றார். மேடைச் சிறுவராய் அப்பருவத்தைக் கடந்தவர், திரைச் சிறுவர் ஒருவர்க்கு அதனைக் கடக்கத் துணைநின்றார். 1996இல் வெளிவந்த தம் படத்திற்கு அவ்வை சண்முகி என்று மாணவர் பெயரிட்டது வெறும் நகைச்சுவை அன்று; அது நன்றியின் வெளிப்பாடு.

பாலர் சபையை மதிப்பிடும் முறை

பாலர் சபை பள்ளியா, கொத்தடிமைக் கூடமா? இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறுவோர் இரு திறத்தர். அங்கே உருவான பெரியோரை எண்ணிப் 'பள்ளி' என்பர் ஒரு திறத்தார். அங்கே நிலவிய அடியையும் பசியையும் உறக்கமின்மையையும் எண்ணிக் 'கொடுமை' என்பர் மற்றொரு திறத்தார்.

சண்முகனார் தம் ஆசிரியரை நன்றியோடு போற்றினார். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று அழைத்து அவர் வரலாற்றைத் தனி நூலாகவும் எழுதினார். ஆறு வயதிலேயே சபையிற் சேர்ந்த ஒருவர் பல்கலைக்கழக மேடைகளில் நாடகக் கலை பற்றி உரையாற்றும் அளவிற்கு உயர்ந்தமைக்குச் சுவாமிகளின் பாக்கள் ஊட்டிய தமிழே முதற்காரணம். இதனை மறுத்தல் நன்றிகோறலாகும். ஆயினும், ஆசிரியர் ஒருவரின் பெருமை அமைப்பு ஒன்றின் குற்றத்தை மறைத்தலாகாது. சுவாமிகளைப் போன்ற ஆசிரியர் எல்லாக் குழுக்களிலும் இருந்தாரல்லர். சொந்தக் குழு எல்லாச் சிறுவர்க்கும் வாய்க்கவுமில்லை.

பெற்றோர் தம் மக்களின் உழைப்பை ஒப்பந்தத்தால் அடகு வைப்பதைச் செல்லாதென்று கூறும் சட்டம் 1933ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. அது நாடகக் குழுக்களை நோக்கி எழுந்ததன்று. எனினும் அக்காலத்தார் அறியாத அறம் இது என்று நாம் கூறிவிட இயலாமைக்கு அதுவே சான்று. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோதும், கலைத்துறையிற் குழந்தைகள் நடிப்பதற்கு விலக்களிக்கப்பட்டது. பள்ளிக்கல்வி கெடலாகாது என்பது அவ்விலக்கின் வரையறை. ஆகவே சண்முகனாரின் வாழ்வு எழுப்பும் வினா பழங்கதை அன்று. மேடை மறைந்து திரையும் தொலைக்காட்சியும் வந்த பின்னும், சிறுவனின் முகமும் குரலும் விற்கப்படும் பொருளாகவே உள்ளன. அவை மாறும் நாளில் அவனுக்கு என்ன எஞ்சும் என்பதே அவ்வமைப்பை மதிப்பிடும் அளவுகோல்.

அவ்வளவுகோலால் அளந்தால், பாலர் சபை தன் சிறுவருள் சிலர்க்குக் கலையையும் மொழியையும் தந்தது; பலர்க்கு ஒன்றும் தரவில்லை. சிலரைப் பற்றிய நூல்கள் நம் நூலகங்களில் உள்ளன. பலரின் பெயர்கள் பழைய நாடக விளம்பரத் தாள்களிலும் பாட்டுப் புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அத்தாள்களைத் தேடித் தொகுத்து, ஒவ்வொரு சபையிலும் எச்சிறுவர் எவ்வேடம் எத்தனை ஆண்டு தாங்கினர், பின்னர் அவர் பெயர் எப்பொழுது மறைகின்றது என்று பட்டியலிடுதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பட்டியல் முடியுமாயின், நம் நாடக வரலாற்றின் மறுபாதி எழுதப்பட்டதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்துகள் மூன்று. தமிழ்த் தொழில்முறை மேடையில் நிலைத்த நாடக பாடம் தோன்றியது சிறுவர் நினைவாற்றலை அடிப்படையாகக் கொண்டே. அச்சிறுவர் வளர்ந்து குரல் மாறியமை, பாட்டு நாடகத்திலிருந்து உரைநாடகத்திற்குத் தொழில்முறைக் குழுக்கள் பெயர்ந்தமைக்குக் காரணங்களுள் ஒன்று. சண்முகனாரின் வாழ்வு பாலர் சபையின் பொதுவிதியைக் காட்டுவதன்று. அவ்விதியை ஒருவர் தம் திறத்தாலும் வாய்ப்பாலும் கடந்தமையைக் காட்டுவது.

ஆறு வயதில் அரங்கேறியவரை அறுபதாம் வயதிலும் நாடு போற்றியது. அப்போற்றுதல் அவருக்கு முற்றும் உரியது. அவரோடு ஒரே பந்தியில் உண்டு, ஒரே பாயில் உறங்கி, குரல் உடைந்த நாளில் ஊர் திரும்பிய சிறுவர்க்கும் தமிழ் நாடகம் கடன்பட்டுள்ளது. சுவாமிகளின் பாக்களை நாம் பதிப்பிக்கும்போதும் பயிற்றும்போதும் அக்கடனை நினைவிற் கொள்ளுதல் நம் கடமையாகும்.